பேரைச் சொல்லோணும்

ஜனவரி 2, செவ்வாய்

புது டைரி. முதல் பக்கத்தில் எழுதியாயிற்று: அ. வெள்ளிங்கிரி, செக்கிங் இன்ஸ்பெக்டர் (ஓய்வு), வடவள்ளி, கோவை.

கரண்ட் பில் கட்ட வேண்டும். காலிங் பெல் மறுபடியும் அடிக்கவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டியிருக்கிறது. நேற்று இல்லை. வீட்டுக்காரியின் கையெழுத்து. தலைப்பு "நான் செய்ய வேண்டியது". கீழே ஐந்து வரி. ஸ்கூட்டர் ஓட்டிப் பழகோணும். முடியைக் குட்டையா வெட்டிக்கோணும். தனியா ஓட்டலுக்குப் போயி நெய் ரோஸ்ட் தின்னோணும். மலை ஏறோணும். பேரைச் சொல்லோணும்.

எதிர் வீட்டு ஸ்டெல்லா டீச்சரின் வேலைதான் இது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருப் பெண்களை உட்கார வைத்து, சாவதற்குள் என்னென்ன செய்யப் போகிறீர்கள், எழுதுங்கள் என்றாராம். நல்ல நாளும் அதுவுமாகப் பேசுகிற பேச்சா இது?

முதல் மூன்று வரியில் எனக்கு ஒன்றுமில்லை. நாலாவதும் போகட்டும். ஐந்தாவது வரிதான் நெருடுகிறது.

"யார் பேரை?" என்று கேட்டேன்.

"சொல்றப்பத் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக முருங்கை மரத்தைப் பார்த்தாள்.

வேலைக் காலம் முழுக்க பஸ்ஸில் ஏறி இறங்கியவன் நான். டிக்கெட் வாங்கியவன் நம் முகத்தைப் பார்ப்பான். வாங்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.

ஜனவரி 5, வெள்ளி

மாத்திரை டப்பாவைச் சோதித்தேன். அவளுக்கு ஏதாவது நோய், சொல்லாமல் மறைக்கிறாளோ என்று ஒரு நினைப்பு. டப்பாவில் இருப்பது எல்லாம் என் மாத்திரைகள். அவள் கல்லுக் குண்டு.

அப்படியானால் "சாவதற்குள்" என்பது யார் சாவதற்குள்?

போன ஆடி மாதம் எனக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது நடந்தது ஞாபகம் வருகிறது. ஸ்ட்ரெச்சரில் மூச்சு முட்டிக் கிடக்கிறேன். இவள் கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு என் கைப்பையைக் குடைகிறாள். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிக் குடைகிறாள். புருஷன் கிடக்கிற கிடையில் பையில் என்ன தேட வேண்டியிருக்கிறது? கடைசியில் வாயுத் தொந்தரவுதான் என்றார் டாக்டர், தினமும் நடக்கச் சொன்னார். பையில் ஒன்றும் குறையவில்லை, எண்ணிப் பார்த்தேன். ஆனாலும் நான் அதை மறக்கவில்லை.

மகள் சுகந்தி ஓசூரிலிருந்து பேசினாள். "நடக்கறீங்களாப்பா?" என்றாள். நடக்கிறேன் என்றேன். வாசல் வரை நடப்பதும் நடைதான்.

ஜனவரி 12, வெள்ளி

ஸ்கூட்டர் பழகுகிறாள். டீச்சர் பின்னால் ஓடுகிறார். தெருவே வேடிக்கை பார்க்கிறது. மூன்றாவது வீட்டுப் பூந்தொட்டி உடைந்தது.

காலில் கிடக்கும் கொலுசு அறுந்துவிட்டதாம். "ஏனுங்க, என்ற கொலுசை ஆசாரிகிட்டக் குடுத்து ஒட்டிட்டு வாங்க. அந்தத் தங்கமில்லாத கொலுசு" என்றாள். வெள்ளிக் கொலுசைத் தங்கமில்லாத கொலுசு என்று யாராவது சொல்வார்களா? வாங்கிக் கொடுத்தவனைக் குத்திக் காட்டுகிற பேச்சு. என்றைக்கு வேண்டும் என்று கேட்டால் "வெளக்கு நாளுக்குள்ள" என்கிறாள். வெள்ளிக்கிழமைக்கு அவள் வைத்திருக்கும் பேர் அது. அவள் ஊர்ப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது.

ஜனவரி 22, திங்கள்

அன்னூரில் அவள் சொந்தத்தில் கல்யாணம். சாப்பாடு பரவாயில்லை, ரசத்தில் புளி தூக்கல்.

பந்தியில் ஒருவன் அவள் எதிரே வந்து "துளசி, என்னைத் தெரியுதா?" என்றான். இவள் முகமெல்லாம் பல்லாக "குழந்தைவேலு மச்சான், உங்களைத் தெரியாமப் போகுமா?" என்றாள். அவளுடைய அத்தை மகன். ஒரு காலத்தில் இவளை அவனுக்குத்தான் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது, ஜாதகம் சேரவில்லை. இப்போது பழனியில் லாட்ஜ் வைத்திருக்கிறானாம். பெண்டாட்டி இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். பழனிக்கு வந்தால் அவசியம் வர வேண்டும் என்று நாலு தடவை சொன்னான். "வர்றோம் குழந்தைவேலு மச்சான்" என்று இவளும் நாலு தடவை சொன்னாள்.

அந்தப் பேர் அவள் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பேசவில்லை. அவள் தூங்கிவிட்டாள்.

ஜனவரி 23, செவ்வாய்

பழனியில் மலை இருக்கிறது. நாலாவது வரி. அடுத்து ஐந்தாவது வரி.

ஜனவரி 31, புதன்

முடியை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். தோள் வரைதான் இருக்கிறது. நன்றாக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் கவலையாக இருக்கிறது.

"யாருக்கு இதெல்லாம்?" என்றேன்.

"சீப்புக்குங்க. பாவம், அது படற பாடு" என்றாள்.

காலண்டர் தாளில் இரண்டு வரி அடித்தாயிற்று.

பிப்ரவரி 6, செவ்வாய்

தினமும் காலையில் பத்து மணி வாக்கில் கிளம்புகிறாள். கோயிலுக்காம். திரும்பி வரும்போது முதுகு நனைந்திருக்கிறது. செருப்பை விட்டுவிட்டு, டீச்சர் கொடுத்த ரப்பர் ஷூவைப் போட்டுக்கொண்டு போகிறாள். கோயிலுக்கு யார் ஷூ போட்டுக்கொண்டு போவார்கள்?

சாயங்காலம் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாள். கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்கிறாள்.

பிப்ரவரி 8, வியாழன்

பின்தொடர்ந்தேன். எழுதுவதில் என்ன வெட்கம், என் வேலையே அதுதானே.

மருதமலை பஸ்ஸில் ஏறினாள். நான் பின்படியில் ஏறிக் கூட்டத்துக்குள் நின்றுகொண்டேன். பாழாய்ப்போன கண்டக்டர் என்னிடம் வேலை கற்ற பையன். "வெள்ளிங்கிரி சார், என்னங் சார், செக்கிங்களா?" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினான். பாதிப் பேர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நல்லவேளை, இவள் திரும்பவில்லை.

அடிவாரத்தில் இறங்கிப் படி ஏறினாள். தனியாகத்தான். நான் தூண்களுக்குப் பின்னால் நின்று நின்று ஏறினேன். பாதியில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மேலே போய், சாமியைக் கும்பிட்டு, இறங்கி, மறுபடியும் ஏறுகிறாள். ஒரே சாமியை எதற்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும்?

மேலே யாரையோ சந்திக்கிறாள். நாளைக்கு மேலே வரை போய்ப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

முக்கால் வாசிதான் ஏற முடிந்தது. கால் கழன்றுவிடும் போலிருக்கிறது.

பிப்ரவரி 15, வியாழன்

மேலே வரை போனேன். யாருமில்லை. என்றைக்கோ வரப் போகிறான். விட மாட்டேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

இப்போதெல்லாம் அவள் வேகமாக ஏறுகிறாள், நானும் வேகமாக ஏற வேண்டியிருக்கிறது. ஒரு தடவை சட்டென்று நின்று திரும்பினாள். நான் கற்பூரக் கடையில் குனிந்து விலை கேட்டேன். தேவையில்லாமல் இரண்டு பாக்கெட் வாங்கும்படி ஆகிவிட்டது. வீட்டில் இதோடு ஒன்பது பாக்கெட் கற்பூரம் சேர்ந்துவிட்டது. பூஜை அலமாரியில் அதைப் பார்த்தும் அவள் எதுவுமே கேட்கவில்லை. கேட்காததும் சந்தேகத்துக்குரியதுதான்.

மார்ச் 4, திங்கள்

பரிசோதனைக்குப் போனேன். சர்க்கரை குறைந்திருக்கிறது, இடுப்பும் சுருங்கியிருக்கிறது. டாக்டர் ஆச்சரியப்பட்டார். "என்ன செய்யறீங்க?" என்றார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். புது மாத்திரை நல்ல மாத்திரை போலிருக்கிறது.

மார்ச் 11, திங்கள்

நெய் ரோஸ்ட் முடிந்தது. தனியாகப் போய்த் தின்றாளாம். உள்ளே வந்ததுமே எனக்கு வாசனை தெரிந்துவிட்டது. எதிரே யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று விசாரித்தேன்.

"ஆமாங்க. ஒரு காலி நாற்காலி. அதுக்கும் ஒண்ணு சொல்லலாம்னு பாத்தேன், உங்க ஞாபகம் வந்துருச்சு" என்றாள்.

பேச்சில் என்னைத் தட்டிக் கழிக்கிறாள். ஆனால் எனக்கும் ஒன்று பார்சல் வாங்கி வந்திருந்தாள். ஆறிப் போயிருந்தது. தின்றேன்.

மார்ச் 19, செவ்வாய்

இன்று கேட்டது ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன். மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டே அவள் போனில் டீச்சரிடம் பேசினாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். தொட்டி பார்க்கத்தான் போனேன்.

"இல்லீங் டீச்சர். தனியா இருக்கறப்பச் சொல்லிப் பாத்தேன். பேரு வாய் வரைக்கும் வருது, அதுக்கு மேல வர மாட்டேங்குது. நெனச்சாலே கை வேர்க்குது. இங்க முடியாதுங். மலைக்குப் போனாத்தான் சொல்ல முடியும். அவங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா என்ன சொல்லுவாங்களோன்னு பயமாத்தான் இருக்குது."

இத்தனை வருடம் ஒரே தட்டில் சோறு தின்றிருக்கிறோம். மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நான் என்ன குறை வைத்தேன்? சத்தம் போட்டிருக்கிறேன். பையைச் சோதித்திருக்கிறேன். கடைக்குப் போனால் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறேன். அது யார்தான் கேட்கவில்லை?

சாப்பிடப் பிடிக்கவில்லை. மோர் மட்டும் குடித்தேன்.

மார்ச் 20, புதன்

"எந்த மலை?" என்று நேராகவே கேட்டேன்.

"பெரிய மலைங்க."

"பேரு இல்லையா அதுக்கு?"

"இருக்குதுங்க" என்றாள். மறுபடியும் முருங்கை மரம்.

மார்ச் 28, வியாழன்

பரண் மேல் இரண்டு மூங்கில் தடி. புதுசு. மலை ஏற ஒருத்திக்கு ஒரு தடி போதாதா? டீச்சருக்குப் போன மாதம்தான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அவர் வரப் போவதில்லை.

தடிக்குப் பக்கத்தில் ஒரு துணிப் பை. அதில் ஆம்பிளைகள் போடும் கம்பளிக் குல்லா, பச்சை நிறம். காதை மூடும் வகை. எனக்கு அது பிடிக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஊட்டிக்குப் போனபோது அதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன். அப்படியானால் அது எனக்கில்லை.

குல்லாவை என் தலையில் வைத்து அளவு பார்த்தேன். எனக்கும் சரியாகத்தான் இருந்தது. அவன் தலையும் என் தலை அளவு போலிருக்கிறது.

எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3, புதன்

இரண்டு நாளாக அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பேசாமல் இருப்பதற்கும் பேசுவதற்கும் என்னிடம் அவ்வளவாக வித்தியாசம் இல்லையோ என்னவோ.

ஸ்டெல்லா டீச்சர் வாசலில் நின்று "துளசீ" என்று கூப்பிட்டார். இவள் ஓடினாள். சின்னப் பெண் மாதிரி ஓடினாள். இந்த வீட்டில் அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. நான் "இங்க பாரு" என்பேன், அவள் "ஏனுங்க" என்பாள், வேலை நடந்துவிடும்.

ஏப்ரல் 11, வியாழன்

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள். "ஏனுங்க, நாளைக்கு மலைக்குப் போறேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே, எந்த உணர்ச்சியும் காட்டாமல், "நானும் வர்றேன்" என்றேன். தடுமாறுவாள், சாக்குச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"வாங்க. நாலரைக்குக் கெளம்போணும்" என்றாள். அவ்வளவுதான். என் வேட்டி, துண்டு, மாத்திரை எல்லாம் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள்.

இவ்வளவு தயாராக ஏன் இருக்க வேண்டும்? அவனை எனக்கு முன்னாலேயே நிறுத்திச் சொல்லப் போகிறாளா?

ஏப்ரல் 12, வெள்ளி

எழுத முடியவில்லை. கால்.

ஏப்ரல் 13, சனி

கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

நேற்று வாடகைக் கார் பழனி ரோட்டில் திரும்பவில்லை. மேற்கே போனது. "எங்க போற?" என்று டிரைவரைக் கேட்டேன். "பூண்டிக்குங்க, வெள்ளியங்கிரி மலை அடிவாரம்" என்றான். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அடிவாரத்தில் வனத்துறைக்காரர்கள் பையைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாதாம். வாழ்நாளெல்லாம் பிறர் பையைப் பார்த்த எனக்கு, என் பையை இன்னொருவன் குடைவதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. இவள் பையிலிருந்து பச்சைக் குல்லாவை எடுத்து வெளியே வைத்தான். இவள் அதை எடுத்து என் தலையில் மாட்டினாள். "மேல குளிருமுங்க, கழட்டக் கூடாது." ஒரு தடியை என் கையில் கொடுத்தாள்.

எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. என்னை ஏமாற்றத்தான் எனக்கே கொடுக்கிறாள் என்று நினைத்தேன். மேலே அவன் நிற்கிறான், அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது.

ஏழு மலை. முதல் மலை செங்குத்தான கல்படி. வாலிபப் பையன்களே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்கள். நான் உட்காரவில்லை. எப்படி என்று எனக்கே தெரியவில்லை. வயதான பெண்கள் ஒன்றிரண்டு பேர்தான். இவள் தடியை ஊன்றி முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். கூட்டம் கூட்டமாக ஏறுகிறவர்கள் "வெள்ளியங்கிரி ஆண்டவருக்கு" என்று கத்த, மற்றவர்கள் "அரோகரா" என்றார்கள். சின்ன வயதிலிருந்து என் பேரைக் கேட்டு யாராவது அரோகரா போட்டுக் கிண்டல் செய்யாத நாளில்லை. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவை அவர்கள் கத்தும்போதும் அவள் உதடு மட்டும் அசைந்து நின்றது.

ஐந்தாவது மலையில் காற்று சில்லென்று அடித்தது. ஒரு பாறையருகே தண்ணீர் குடிக்க நின்றோம். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"குழந்தைவேலு எந்த மலைல நிக்கறான்?" என்றேன்.

அவள் தண்ணீர்ப் பாத்திரத்தை மூடினாள். என்னை வெகுநேரம் பார்த்தாள். முகத்தைத்தான் பார்த்தாள், வேறெங்கும் பார்க்கவில்லை. பிறகு தடியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

போகட்டும் என்று நான் பாறை மேல் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் பனி வந்துவிட்டது. கீழேயிருந்து புகை மாதிரி ஏறி வந்து எல்லாவற்றையும் மூடியது. பக்கத்துப் பாறைகூடத் தெரியவில்லை. தடி தட்டும் சத்தமும் பேச்சுக்குரலும் மட்டும் கேட்டன. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்ததால் எழுந்திருக்கவில்லை.

அப்போது மேலேயிருந்து ஒரு பெண் குரல். "வெள்ளிங்கிரீ" என்று. பனிக்குள் இருந்தவர்கள் எல்லாம் "அரோகரா" என்றார்கள். மறுபடியும் அந்தக் குரல், "வெள்ளிங்கிரீ". மறுபடியும் அரோகரா. குரல் போகப் போக உடைந்தது. இப்படிக் கதறுகிறாளே, வீட்டில் யாருக்கு என்ன கஷ்டமோ, என்ன வேண்டுதலோ என்று நினைத்தேன். யாரோ ஒருத்திக்காக என் மனசு இரங்கியது. நான்கூட மெதுவாக ஒரு அரோகரா போட்டேன்.

ஈரோட்டுக்காரர் ஒருவர் மேலேயிருந்து தடவித் தடவி இறங்கி வந்தார். என் தலையைப் பார்த்து நின்றார்.

"பச்சைக் குல்லா போட்ட பெரியவரு நீங்கதானுங்களா? மேல ஒரு அம்மா புருசனக் காணோம்னு அழுகறாங்க. பேரு என்னம்மான்னு கேட்டா சாமி பேரயே சொல்லிட்டு நிக்கறாங்க" என்றார்.

நான் அந்தக் குரலை முப்பத்தாறு வருடமாகக் கேட்கிறேன். என் பேரை அந்தக் குரலில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதனால்தான் தெரியவில்லை.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. வளைவில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் தண்ணீர். என்னைப் பார்த்ததும் தடியால் தரையில் ஒரு போடு போட்டாள்.

"கூப்பிட்டா ஏனுன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீயா கூப்பிட்ட?"

"மொதல்ல 'ஏனுங்க'ன்னுதான் கூப்பிட்டேன். பனிக்குள்ள நாலு ஆம்பளைங்க 'என்ன புள்ள'ன்னு திரும்பறாங்க. எல்லாருமே எவளோ ஒருத்திக்கு ஏனுங்கதானே. அப்பறந்தான் பேரச் சொன்னேன்."

"யார் பேரை?" என்று கேட்டுவிட்டேன். பழக்க தோஷம். கேட்ட வாய் மூடுவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெளக்கு நாள். தங்கமில்லாத கொலுசு. பெரிய மலை.

இரண்டு பேரும் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவள்தான் பேசினாள்.

"கல்யாணமான புதுசுல ரேசன் கடைல வீட்டுக்காரர் பேரு கேட்டாங்க. சொல்லிட்டேன். அத்தை பக்கத்துல இருந்தாங்க. எம்பையன் ஆயுசக் கொறைக்க வந்தியான்னு அங்கயே சத்தம் போட்டாங்க. மூணு நாள் பேசல. அன்னிக்கு மூடுன வாயிங்க. போன ஆடியில ஆஸ்பத்திரில கவுண்டர்ல இருந்த புள்ள கேட்டுச்சு, பேசண்ட் பேரு என்னன்னு. நீங்க மூச்சு வாங்கிட்டுக் கெடக்கறீங்க. அந்த நேரத்துல ஆயுசக் கொறைக்கற வார்த்தைய எப்படிங்க சொல்றது? ஆதார் கார்டாவது காட்டலாம்னு உங்க பையக் கொட்டித் தேடறேன், கெடைக்கல. 'புருசன் பேருகூடத் தெரியாதாம்மா'ன்னு கேட்டுச்சு. உங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா, என்ற வாய் தெறக்காததாலதான் போனீங்கன்னு ஆயிருக்குமில்ல?"

ஆஸ்பத்திரித் தரையில் அவள் உட்கார்ந்து தேடியது என் கண் முன்னால் வந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்துகொண்டு, போய்ப் பணம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவன் நான். வெட்கமாக இருந்தது.

"அதான் எழுதி வெச்சேன். வேற எங்க சொன்னாலும் பயம். இங்க அது சாமி பேரு. இந்த மலைல நின்னு சொன்னா ஆயுசு கூடத்தான் செய்யும்னு நெனச்சேன்."

"நான் என்னென்னவோ..." என்றேன்.

"தெரியுமுங்க. குழந்தைவேலு மச்சான் பேரச் சொல்ல மலை எதுக்கு ஏறோணும்? அத எங்க நின்னு வேணும்னாலும் சொல்லலாம்" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "மருதமலைல நான் பின்னால வந்தது தெரியுமா?" என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும். அந்தக் கண்டக்டர் பையன் கத்துன கத்து செவிடனுக்கே கேட்டிருக்கும். டாக்டர் சொன்னா நடக்க மாட்டீங்க, மக சொன்னா நடக்க மாட்டீங்க. சந்தேகம் வந்தா மட்டுந்தான் நடப்பீங்க. சரி, வரட்டும்னு ரெண்டு தடவ ஏறி எறங்குனேன்."

மிச்ச இரண்டு மலையையும் ஏறினோம். கற்பூரம் ஏற்றினாள். என்னுடைய கற்பூரம், ஒன்பது பாக்கெட்.

ஏப்ரல் 15, திங்கள்

நாலாவது வரியை அடித்துவிட்டாள். ஐந்தாவதை அடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீங்க ஏனுன்னு கேக்கலீங்களே. ஊரே அரோகரா போட்டா அது கணக்கா?" என்றாள்.

வீட்டில் மறுபடியும் "ஏனுங்க" ஆகிவிட்டேன். மலையில் வந்தது வீட்டில் வரவில்லை. காலையிலிருந்து இரண்டு மூன்று தடவை சமையலறையில் தொண்டையைச் செருமினாள். நான் பேப்பரை மடக்கிவிட்டுக் காத்திருந்தேன். "காப்பி ஆறுதுங்க" என்றாள்.

காலிங் பெல் சரி செய்தேன்.

ஏப்ரல் 22, திங்கள்

பரிசோதனைக்கு அதே ஆஸ்பத்திரி, அதே கவுண்டர். நான் கார்டை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"பேசண்ட் பேரு?" என்றது கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்.

இவள் என் சட்டைக் கையை விடவில்லை. அவள் விரல்கள் ஈரமாக இருந்தன. "வெள்ளிங்கிரி" என்றாள். காற்றுதான் வந்தது.

"சரியாக் கேக்கலம்மா."

"வெள்ளிங்கிரி." இந்தத் தடவை வராந்தா முழுக்கக் கேட்டது. பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டே "ஏனு?" என்றேன். கூப்பிட்டவளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்துகொண்டு பதில் சொல்வது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவளுக்கு அது வேண்டியிருந்தது. எனக்கும் வேண்டியிருந்தது. அவள் என்னைப் பார்க்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

"கூட வந்தவங்க பேரு?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"துளசிமணி" என்றேன். சொன்ன பிறகுதான் தோன்றியது, இந்த வாய்க்கும் அது புதுசு என்று. நாக்கு எங்கே படுகிறது என்றுகூடத் தெரியவில்லை.

துளசிமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கவுண்டர் பெண் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. எதற்காகச் சிரித்தது என்று தெரியவில்லை. அடுத்த தடவை போகும்போது விசாரிக்க வேண்டும்.